முருங்கையடி மூஞ்சூறு

1
இந்தக் கதை ஒரு போத்தலிலிருந்து வந்தது. உள்ளே மலைநாட்டு மூஞ்சூறு ஒன்று மிதந்தது. என் சுண்டுவிரல் நீளம். பிடித்தவர் என் கணவர் ஸிராஜ். புதிய இனமாக இருக்கலாம் என்றார். போத்தலை மருதமுனை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தேடி மறுபடி மலைக்குப் போனார். மண்சரிவு. அவரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "பனி விலகியபோது அந்தச் சின்னப் பிராணி..." மலையை நான் பார்த்ததே இல்லை. பனி எப்படி விலகும் என்று போனில் அவர் சொல்லக் கேட்டதுதான். விட்டுவிட்டேன்.)

2
அடக்க உடல் இல்லை; மய்யித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. வீட்டில் ஓத ஆட்கள் வந்திருந்தபோது அவரைக் காக்கா என்றும் என்னை மச்சி என்றும் கூப்பிடும் அவருடைய தங்கை லைலா அலுமாரியைத் திறந்தாள்.

"இதென்ன மச்சி, சாராயம் மணக்குது? ஓதுற வீடு!"

"ஸ்பிரிட்டு லைலா. உங்கட காக்காட ஆராய்ச்சி."

"அல்லாஹ்வே, எலிக்கும் குடிக்கப் பழக்கிட்டாரா?"

சிரித்தாள். பிறகு அழுதாள். ஸ்பிரிட்டைக் கொட்டினாள். பிராணியைக் குப்பையில் போட மனம் வரவில்லை; காக்காவின் பழைய சாறன் துண்டில் சுற்றி முருங்கையடியில் அடக்கினாள்.*

*ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க, சாட்சியாக ஓர் உடல் வேண்டுமாம். பிறகுதான் அறிந்தேன்.

3
இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி தேவை. ஸிராஜுடன் வேலை செய்த தக்சாயினியை அப்படி எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. கல்முனையிலிருந்து ஸ்கூட்டியில் வாழைப்பழத்தோடு வருகிறவளை எப்படி வில்லியாக்குவது?

"தோண்டினா எலும்பு கிடைக்கும், அது போதும் அக்கா. பல்லையும் மண்டையோட்டையும் வெச்சுத்தான் இனம் பிரிக்கிற. மழை தொடங்கினா ஒண்டும் மிஞ்சாது. ஸிராஜ் அண்ணன்ட பேரையே வைப்பம்."

"எடுத்திட்டு எங்க வைப்பீங்க?"

"கொழும்பில. மியூசியத்தில."

"அப்ப முருங்கையடியில ஒண்டும் இருக்காது."

"ஓம் அக்கா..."

அங்கே தலைமாட்டுக் கல்லாக நான் நட்டிருந்த சிறு கல்லை அப்போதுதான் கண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றாள்.

4
முடிவுகள்:

தோண்டுகிறோம். அவர் பெயர், லத்தீன் வால் ஒன்றோடு, மலைப் புல்லுக்குள் ஓடித் திரிகிறது.

தோண்டுகிறோம். மண்தான். "கிடைக்கவில்லை" என்று இன்னொரு தரம் யாராவது சொன்னால் நான்...

அல்லது, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் மூஞ்சூறு விழித்துக்கொள்கிறது. சாறன் துண்டை உதறிவிட்டு, நாவிதன்வெளி வயல் வரம்புகளில் ஏறி மேற்கே நடக்கிறது. அவர் கிடக்கும் இடம் அதற்குத் தெரியும். (இது கனவு. எழுதியதை அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

5
பின்னேர அஸர் தொழுதாயிற்று. கடல் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. முருங்கையடியில் தக்சாயினி குந்தியிருக்கிறாள். லைலாவின் கையில் குசினித் தேக்கரண்டி.

"நான் வெச்சது மச்சி, இடம் எனக்குத்தான் தெரியும். சொல்லுங்க, எடுக்கவா?"

என் கை கல்லின் மேல் இருக்கிறது. கல் குளிர்ந்து கிடக்கிறது. மலையும் இப்படித்தான் இருக்கும்போல. இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.

அடுத்த வசனத்தை நீங்கள் எழுதுங்கள். முதல் துளி விழ முன்னம்.