சக்கரத்துக்கு மேலே நான்கு விரல்

அந்த வசந்த காலம் முழுக்க நான் டூரின் தெருக்களில் கார்களைப் பார்க்கவில்லை. அவற்றின் சக்கரங்களுக்கு மேலே இருந்த இடைவெளியைத்தான் பார்த்தேன். டிராமுக்காக நிற்கும்போதும் காபிக் கடை வாசலிலும் என் கண் நேரே அங்கேதான் போகும். டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும்? இரண்டா, நான்கா? இரண்டு என்றால் அந்தக் கார் பாய்வதற்குப் பதுங்கியிருப்பதுபோல் இருக்கும். நான்கு என்றால் நனைந்த தரையில் செருப்பில்லாமல் நிற்பவரைப்போல் இருக்கும். ஒரு காரைக் காராக மட்டும் பார்க்க முடியாமல் போனது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

நான் வேலை பார்த்த பெர்சானோ பட்டறையில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உடல் வரைந்தோம். எஞ்சினும் சட்டகமும் வேறு ஊரிலிருந்து வரும், தோல் எங்களுடையது. அந்த வருடம், எழுபத்து மூன்று என்று நினைக்கிறேன், மோதெனாவில் இருந்த ஒரு சிறிய நிறுவனம் இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றுக்கு உடல் கேட்டிருந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். ஆகவே முன்னால் மறைக்க எதுவும் இல்லை. மூக்கைக் கத்திபோல் தாழ்த்தலாம், கண்ணாடியைச் சாய்க்கலாம், ஓட்டுபவரை ஏறக்குறைய படுக்கவைக்கலாம். அதுவரை மற்றவர்களுடைய கார்களுக்குக் கதவுப்பிடியும் பின்விளக்கும் வரைந்துகொண்டிருந்தவள் நான். முதல் தடவையாக ஒரு முழு உடலை என்னிடம் கொடுத்தார்கள். என்னோடு அங்கே வரைந்துகொண்டிருந்த எத்சியோ பெய்ரோனிடமும் அதையே கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று ரோட்டுக்குப் போகும். மற்றது உடைத்துக் குப்பையில் கொட்டப்படும்.

ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு ஒட்டியிருந்தால்தான் அழகு. ஆனால் ரோடு அதை ஒத்துக்கொள்ளாது. ஸ்பிரிங் ஏறி இறங்க இடம் வேண்டும், வீட்டு வாசல் சரிவில் அடிவயிறு இடிக்கக் கூடாது, விளக்கு இவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம். பிளாஸ்டரில் செய்யும் மாதிரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால் முதலாளிக்குக் காட்டும் நாளில், உடலுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டைகளை உருவிவிடுவார்கள். உடல் சக்கரங்களின்மேல் நான்கு விரல் இறங்கிவிடும். இதற்குப் 'படுக்கவைப்பது' என்று பெயர். டூரினில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். போட்டோவுக்கு வயிற்றை எக்கிக்கொள்வதுபோல, இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

எத்சியோவின் முந்தைய கார் நிஜமாகித் தெருவுக்கு வந்தபோது நான் பார்த்தேன். மாதிரியில் சிறுத்தையாக இருந்தது, பாவாடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டும் பெண்ணாக வந்து நின்றது. அன்றே முடிவு செய்தேன்: என் காரை நிஜ உயரத்தில் வரைவேன், நிஜ உயரத்திலேயே காட்டுவேன்.

எனக்கு பிளாஸ்டர் வேலை செய்தவர் ஃபிர்மினோ. அவருக்கு இது பிடிக்கவில்லை.

"ஏம் பொண்ணே, எல்லாரும் வயித்த எக்கிக்கிட்டு நிக்கிற போட்டோவுல நீ மட்டும் தொப்பையோட நிக்கணுமா?"

"தொப்பை தெரியாத மாதிரி வரையறதுதான என் வேலை?"

"வரைஞ்சிட்டியா?"

முன்விளக்கில் தொடங்கிக் கதவைக் கடந்து வாலில் முடியும் தோள்கோடு ஒன்று இருந்தது. அதை மாதக்கணக்காக அழித்து அழித்து வரைந்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. சரியாக மட்டுமே வந்தது. இரவில் கண்ணை மூடினால் அந்தக் கோடு இமைக்குள் ஓடும்; அங்கேயும் அதற்கு உயிர் இருக்காது.

முதலாளி பெர்சானோவை அவருடைய பட்டப்பெயரால் 'கவலியேரே' என்றுதான் கூப்பிடுவோம்; அவர் மாதிரிகளைக் காலை வெயிலில்தான் பார்ப்பார். முற்றத்தில் அவருக்கென்று ஒரு குட்டை முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் கண் சக்கரத்தின் மையத்துக்கு நேராக வரும். அவர் எழுந்திருக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

துணிகளை விலக்கினார்கள். என் காரைப் பார்த்தேன். அந்தத் தோள்கோடு உயிரோடு இருந்தது. வெயில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தின்மேல் ஒரு கணம் தங்கி, வாலில் இறங்கியது. நான் செய்தேன் என்று நினைத்தேன். அந்தக் கணத்தைப்போல ஒரு மகிழ்ச்சி எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. பிறகு பழக்கதோஷம், கண் சக்கரத்துக்குப் போனது. இரண்டு விரல்கூட நுழையாது.

ஃபிர்மினோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்சீங்க?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கட்டைய உருவிட்டேன். உன் நல்லதுக்குத்தான். கத்தாத, கெழவன் உக்காந்துட்டாரு."

அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அது அவரிடம் போய்ச் சேரவில்லை, பாதி வழியில் என்னிடமே திரும்பியது. இத்தனை மாதம் நான் தேடியதை நான்கு மரத்துண்டுகளை உருவி ஒருவர் கொண்டுவந்துவிட்டார். அப்படியானால் என் கை என்ன செய்துகொண்டிருந்தது?

கவலியேரே எழுந்தார். நேராக என் காரிடம் வந்து கூரையில் உள்ளங்கையை வைத்தார்.

"எத்சியோ, பாத்துக்க. இது பாயப்போவுது. உன்னோடது பஸ்ஸுக்கு நிக்குது."

எத்சியோ குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சினியோரினாவும் கடைசியில படுக்கவெச்சுட்டாங்களா! ஆறு மாசமா எங்களுக்கு நேர்மைப் பாடம் எடுத்தாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேசினேன். பேசியது என் குரல் மாதிரி இல்லை.

"கவலியேரே, இத தூக்கணும். இது நான் வரைஞ்ச உயரம் இல்ல."

"மோதெனாக்காரர் வர்ற நேரம். நீ ஜெயிச்சுட்ட. ஜெயிச்சவ வாய மூடிக்கிட்டு காபி குடிப்பா."

"ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு, எது ஜெயிச்சுதுன்னு சொல்லுங்க."

"என்னோடத எதுக்குத் தொடணும்?" என்றான் எத்சியோ.

அவன் கேட்ட விதம்தான் கிழவரை உசுப்பியிருக்க வேண்டும். "தூக்குங்கடா" என்றார். ஜாக்கிகளை வைத்துத் தூக்கிக் கட்டைகளைச் செருகினார்கள்.

எத்சியோவின் கார் முட்டிபோட்டு எழ முயலும் ஒட்டகம்போல் இருந்தது. என்னுடையது அசிங்கமாக இல்லை. அசிங்கமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒழுங்காகத் தலை வாரிய, யாருக்கும் நினைவில் நிற்காத ஒரு கார்.

"இது மருந்துக்கடைக்காரன் ஞாயித்துக்கெழம மாமியார் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போற வண்டி" என்றார் கவலியேரே. "எத்சியோவோடதப் பத்தி நான் பேசவே போறதில்ல. ரெண்டு பேருமாச் சேந்து என் காலைப்பொழுதக் கெடுத்துட்டீங்க. எறக்குங்க ரெண்டையும்."

இறக்கினார்கள். கோடு மறுபடியும் உயிர் பெற்றது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மோதெனாவிலிருந்து வந்த மலவோல்தி பருத்த மனிதர். தன்னுடைய தாழ்ந்த காரிலிருந்து கூரையைப் பிடித்து, ஒரு காலை முதலில் வெளியே போட்டு, முனகிக்கொண்டு எழுந்தார். இரண்டு மாதிரிகளையும் சுற்றி வந்தார். என் காரின் முன் நின்றுவிட்டார்.

"இதுதான்" என்றார்.

கவலியேரே என்னைப் பார்க்காமல் என்னை முறைத்தார். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம்; எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்: "சினியோர் மலவோல்தி, நெஜக் கார் இதவிட நாலு விரல் ஒசரமா நிக்கும்."

மலவோல்தி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"தெரியாதா பொண்ணு? நாலு இல்ல, அஞ்சுன்னு வெச்சுக்க. எஞ்சின் படம் அனுப்பினேன் பாரு, அதுல எண்ணெய்த் தொட்டிய கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டோம். நெஜத்துல அது அடியில தொங்கும். ரோட்டுல இடிக்காம இருக்கணும்னா இன்னும் ஒரு விரல் ஏத்தணும்."

"ஏன் சின்னதாப் போட்டீங்க?"

"பெருசாப் போட்டிருந்தா உங்காளுங்க இவ்வளவு அழகா வரைஞ்சிருப்பாங்களா?" அவர் கவலியேரேயின் தோளில் தட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

நான் நின்றிருந்த தரை அப்போதுதான் போனது. எல்லோரும் பொய் உயரத்தில் நிற்க, நான் மட்டும் நிஜத்தில் நிற்பதாக நினைத்திருந்தேன். அந்த நிஜமே யாரோ மோதெனாவில் எக்கிப்பிடித்த வயிறு. என் பிடிவாதத்தை வைக்க ஓர் அளவுகூட இல்லை.

"ஆனா ஒண்ணு. இப்ப பாக்கற மாதிரியே ரோட்டுலயும் இருக்கணும்" என்றார் மலவோல்தி. "முடியுமா?"

"முடியும்" என்றார் கவலியேரே.

"தெரியல" என்றேன் நான்.

"முடியும்னு சொன்னது நான்," கவலியேரே விருந்தாளியை வாசல் பக்கம் திருப்பினார். "செய்யப்போறது அவ. வாங்க சாப்பிட, அஞ்ஞோலோத்தி ஆறிடும்."

என் கார் தேர்வாகிவிட்டது. எத்சியோ வந்து கை கொடுத்தான், அவன் கை உண்மையாகவே இதமாக இருந்தது. "இனிமே நீ கஷ்டப்படு, நான் வேடிக்கை பாக்கறேன்" என்றான். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பசியில்லை என்றேன்.

"ஃபிர்மினோ, தூக்குங்க. அஞ்சு விரல்."

"சாப்புட்டு வந்து…"

"இப்பவே."

தூக்கினார். ஐந்து விரல் உயரத்தில் அந்தத் தோள்கோடு சுவரில் ஓடும் மின்கம்பிபோல் இருந்தது. எங்கே தவறு என்று தெரிந்தது: கோடு அந்த இடத்தில் இருக்கவே கூடாது. அதைக் கதவின் நடுவுக்கு இறக்கி, அதற்குக் கீழே உள்ள உடலை உள்ளே குடைந்து நிழலில் தள்ளினால், கண் உயரத்தை மறக்கலாம். மறக்காமலும் போகலாம். சுரண்டியை எடுத்தேன்.

"பைத்தியமா உனக்கு? அந்தாளுக்குப் பிடிச்சதே அந்தக் கோடுதான்!"

"அவருக்குப் பிடிச்சது கட்டை இல்லாத கோடு."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது புடிச்சு வெச்சுக்க, பொண்ணே."

எனக்குப் போட்டோ வேண்டியிருக்கவில்லை. முன்விளக்கின் பக்கத்தில் சுரண்டியின் தகட்டை வைத்து இழுத்தேன். வெள்ளிப் பெயின்ட் சுருண்டு உரிந்தது, உள்ளே பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது இழுப்பு வேண்டியதைவிட ஆழமாகப் போய்விட்டது. ஃபிர்மினோ எங்கள் ஊர்ப் பேச்சில் என்னையும் மோதெனாவையும் ஒருசேரத் திட்டிக்கொண்டு, பள்ளத்தை அடைக்கப் பிளாஸ்டர் குழைக்கப் போனார். அவர் வருவதற்குள் நான் கதவுவரை சுரண்டிவிட்டேன்.