ஜாகாவின் பகல் தூக்கம்

முத்தம்மை தன் நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு அடுப்பிலேயே குழைந்துவிடும் என்று அவள் புருஷன் சின்னையா கேலி செய்வான். செய்யட்டுமே! பினாங்கு ஆயிர் ஈத்தாம் ஆற்றங்கரை வண்ணாந்துறையில், துரைமார் வீட்டுப் படுக்கை விரிப்புகள் கொடியில் காயும்போது காவலுக்கு நிற்பது யார்? மலாய்க்காரர்கள் காவல்காரனை அழைப்பதுபோல ஜாகா என்று அதற்குப் பேர் வைத்ததும் அவள்தான். மேய வரும் மாடு ஒன்றுகூட ஜாகாவைத் தாண்டி வந்து ஒரு விரிப்பைக் கடித்ததில்லை.

இப்போது ஜாகாவுக்கு வயதாகிவிட்டது. காது சுத்தமாகக் கேட்காது. இரவெல்லாம் தூங்காமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கும். விடிந்ததும் கொடிக்குப் பக்கத்தில் அடித்துப் போட்டதுபோலக் கிடக்கும். தூக்கத்தில் நாலு காலும் ஓடும், உதடு துடிக்கும், வாயோரம் எச்சில் வழியும். "மாடு விரட்டுது" என்பாள் முத்தம்மை. கனவிலும் வேலை பார்க்கிற நாய் இந்தப் பினாங்கில் வேறு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்!

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த திருநாவுக்கரசு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நாய் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். கால் உதறுவதையும் எச்சிலையும் பார்த்தவர், வெறிநாய்தான் என்று முடிவுகட்டி முனிசிபலில் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் நாய் சுடும் அப்துல் ரசாக் துப்பாக்கியோடு வந்து நின்றார்.

ஜாகா அப்போதும் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வெறியெல்லாம் இல்லண்ணே! வயசாயிடுச்சு, கனவு காணுது."

"கனவா? அப்ப எழுப்பிக் காட்டு தங்கச்சி. நல்ல நாய்னா நான் ஏன் சுடப்போறேன்லா?"

கூப்பிட்டால் கேட்காது. தொடவும் முத்தம்மைக்குப் பயம். போன வாரம் தூங்கும்போது முதுகைத் தடவப்போக, திடுக்கிட்டுக் கையைக் கவ்விவிட்டது. பல் பட்ட தடத்தைப் புருஷனுக்கும் காட்டாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். இவர் கண்ணெதிரே இன்னொரு தடவை கடித்தால் ஜாகா பிழைக்காது.

கை பரபரவென்று தொட்டியைத் தேடியது. அப்போதுதான் அலசிய விரிப்பு ஒன்று கிடந்தது. குட்டியாக இருந்த நாளிலிருந்து அவள் துணி உதறும் சாரலில் நனைந்தே வளர்ந்த நாய் அது. இரண்டு முனையையும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் ஓர் உதறு உதறினாள். தண்ணீர் ஜாகாவின் முகத்தில் விசிறியடித்தது. அப்துல் ரசாக் துப்பாக்கியைத் தூக்கினார்.

ஓடிய கால்கள் நின்றன. ஜாகா கண்ணைத் திறந்தது. மூக்கிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சாவகாசமாக நக்கியது. பிறகு விறைத்த கால்களை ஊன்றி எழுந்து, சொட்டச் சொட்ட அவள் பிடித்திருந்த விரிப்புக்கு அடியில் நுழைந்து, கொடிக்கம்பத்தடிக்குப் போய் மாடு வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தது.

அப்துல் ரசாக் துப்பாக்கியை இறக்கினார். "வெறிநாய் தண்ணியப் பார்த்தா மிரளும். இது நக்குது. எழுந்ததும் வேலைக்கு வேற போயிடுச்சே!"

"எங்க ஜாகாவாச்சே!" என்றாள் முத்தம்மை. பெருமை தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஜாகா கம்பத்தடியிலேயே சரிந்து தூங்கிவிட்டது. கால்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற திருநாவுக்கரசு, அசடு வழியக் கேட்டார்.

"இப்பவும் மாட்டத்தான் விரட்டுதாம்மா?"

முத்தம்மை விரிப்பைக் கொடியில் போட்டு நீவிவிட்டாள்.

"மாடெல்லாம் எப்பவோ ஓடிப்போச்சு, கிராணியாரே. இப்ப உங்களத்தான் விரட்டுது. கொஞ்சம் மெதுவா ஓடுங்க, அதுக்கு வயசாயிடுச்சு."