ஆண் ஓணான் வேட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில், மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள பழைய ஈயச் சுரங்க மணல்காட்டில் தனேஸ்வரன் குப்புறப் படுத்துக் கிடந்தான். கையில் கம்பிச் சுருக்கு. கண்ணெல்லாம் புதருக்கடியில் இருந்த வளையின்மேல். புந்தோங் ஊரில் லாரி ஓட்டிக் கௌரவமாகப் பிழைக்கிற மனிதனுக்கு இந்தக் கோலம் எதற்கு? பிள்ளைக்காகத்தான்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவன் மனைவி தினேஸ்வரி போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கோயில் தரையில் மண்சோறுகூடச் சாப்பிட்டாள். அவளைச் சோதித்த டாக்டர், குறை ஒன்றும் இல்லை, அடுத்து கணவர் வரவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு மூன்று வருடமாக அலமாரியில் தூங்குகிறது. "ஆம்பளைக்கு என்னா டெஸ்ட்டு லா?" என்று தனேஸ்வரன் ஐயா ஒரே போடாகப் போட்டுவிட்டார்!

ஆனால் ஒன்று, அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வான். திருப்பிக் கொடுக்க மனம் வராது.

போன வாரம் கூட்டாளி மகேந்திரன் வழி சொன்னான். "மச்சான், மணல் ஓணான் எண்ணெய நாப்பத்தெட்டு நாளு ஒன் பொண்டாட்டிக்குக் குடு. ஆனா ஆண் ஓணானா இருக்கணும், பார்த்துக்க."

சுருக்கு இறுகியது. விலாவில் ஆரஞ்சுப் புள்ளி போட்ட ஓணான் ஒன்று அகப்பட்டது. அவன் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"அண்ணே, அண்ணே, விட்டுருங்க!"

தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் ஷாமினி, பல்கலைக்கழகத்திலிருந்து இந்த ஓணான்களை ஆராய வந்திருப்பதாக மூச்சு வாங்கச் சொன்னாள்.

"மருந்துக்கு ஒன்னே ஒன்னு போதும்மா. ஆணா பொண்ணான்னு மட்டும் பார்த்துச் சொல்லு. பொண்ணா இருந்தா விட்டுர்றேன்."

ஷாமினி சிரித்துவிட்டாள். "அப்போ எல்லாத்தையும் விடணும்ணே. இந்த வகையில ஆணே கெடையாது. அத்தனையும் பொண்ணுதான். தானாவே முட்டை போட்டு, தானாவே குஞ்சு பொரிச்சுக்கும். இப்படி ஒன்னு இருக்குன்னே நெறைய பேருக்குத் தெரியாது. மருந்துன்னு புடிச்சே அழிச்சிருவாங்க போல."

அவன் சுருக்கைத் தளர்த்தினான். ஓணான் வளைக்குள் ஓடி மறைந்தது.

வீட்டில் தினேஸ்வரி எண்ணெய் காய்ச்சப் புதுச் சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். இந்தத் தடவையாவது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவன் வெறுங்கையோடு நின்று நடந்ததைச் சொன்னான். ஆணே இல்லாத கதையைச் சொல்லும்போது சிரிக்கவும் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை.

"நம்ம வீட்டுலயும் அப்படித்தாங்க. கோயிலுக்கும் நான்தான், மருந்துக்கும் நான்தான், டாக்டருகிட்டயும் நான் ஒருத்திதான். அந்த ஓணானால தனியா முடியும். என்னால முடியாதுங்க."

தனேஸ்வரன் போய் அலமாரியைத் திறந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தான்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டருகிட்ட நானும் வாரேன், தினேஸ். புள்ள இல்லன்னா ரெண்டு பேருமே போய்ப் பார்க்கணும். அதுல என்னா வெக்கம்? எல்லாப் பாரத்தையும் ஒன் தலையில போட்டுட்டு, ஒரு வாயில்லா ஜீவனக் கொல்லப் போனேன் பாரு, அதுதான் வெக்கம்!"