முன்கூட்டியே வந்த சீருடை

மே பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. சலவைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒற்றை அறை வீட்டின் சுவரில் தனியார் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்புச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுச் சிறுமிக்கு அந்தப் பள்ளியில் இன்னும் இடம் கிடைத்திருக்கவில்லை.

பள்ளியின் விசாரணை அலுவலர் கையில் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு சிறுமியைப் பள்ளி முழு உதவித்தொகையில் சேர்த்துக்கொள்ளும். நுழைவுத் தேர்வில் தேறிய நான்கு பேரின் வீடுகளுக்கும் அலுவலர் நேரில் போவாள். வாடகை வீடா, எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவாள். போன வீட்டில் எதையும் வாங்கக் கூடாது, எதையும் வைத்துவிட்டும் வரக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்.

ஒன்பதாம் கேள்வி, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது என்பது. அந்த இடத்தை அவள் படம் எடுக்க வேண்டும். கேமராவைத் தூக்கியபோது சீருடை குறுக்கே வந்தது. சாம்பல் நிறம், கருஞ்சிவப்புக் கரை. இடது பாக்கெட் ஓரம் கிழிந்து, மஞ்சள் நூலால் ஏழு தையல் போட்டிருந்தது.

“இது எங்க வாங்கினீங்க?”

“உங்க ஸ்கூல்லேருந்து வந்த அம்மா குடுத்தாங்களே,” என்றாள் சிறுமியின் தாய். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். “போன வாரம். கண்ணாடி போட்டிருந்தாங்க. கையில குடை. வெளிய வெயில் கொளுத்துது, குடையிலேருந்து தண்ணி சொட்டிச்சு. நான்தான் தரையத் தொடைச்சேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அளவு சரியா இருக்கும், போட்டுப் பாக்க வேண்டாம்னாங்க. அவ்வளவுதான். ஏன் மேடம், குடுக்கக் கூடாதா?”

யாரையும் பள்ளி அனுப்பவில்லை. அதைச் சொல்லாமல் அலுவலர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பள்ளிப் பதிவறையில் பழைய கோப்புகளை வைத்திருந்தவருக்குக் கடிகாரம் என்று பெயர். ஒன்பது அடிக்கும்போது ஒரு கால் வாசலுக்குள் இருக்கும். மணியில் அவர் தவறியதை யாரும் பார்த்ததில்லை. அலுவலரைத் துப்பறியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன துப்பறியும் அக்கா, யார் வீட்டுல பிரிட்ஜ ஒளிச்சு வச்சிருக்காங்க?”

“போன மூணு வருஷத்து ஒம்பதாம் கேள்விப் படங்க வேணும்.”

உறைகள் வந்தன. தேர்வுக்குழு இந்தப் படங்களைப் பார்ப்பதில்லை. பார்த்தால் மனம் இளகிவிடும் என்பது விதி. குழுவுக்குப் போவது கோப்பு எண்ணும் மதிப்பெண்களும் மட்டும். அவள் பன்னிரண்டு படங்களையும் மேசையில் பரப்பினாள். ஆண்டுக்கு ஒரு படத்தில் சீருடை இருந்தது. முதல் ஆண்டு பீரோ கதவில், அடுத்த ஆண்டு கொடிக்கயிற்றில், போன ஆண்டு ஜன்னல் கம்பியில். படம் எடுத்த நாட்களில், ஆசைப்பட்டு யாரோ பழைய துணி வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போயிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் இடது பாக்கெட். மூன்றிலும் மஞ்சள் நூல். ஏழு தையல்.

அந்த மூன்று வீட்டுச் சிறுமிகளுக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. அதில் இரண்டு பேருக்கு அவள் போட்ட மதிப்பெண் இரண்டாமிடம்தான்.

“இந்த உதவித்தொகை நிதிய யார் குடுத்தது?” என்று கேட்டாள்.

“உங்க நாற்காலியில உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க.” கடிகாரம் படங்களைப் பார்க்கவில்லை. “பத்தொம்பது வருஷம் வீடு வீடா ஏறி இறங்கினாங்க. நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை. அவங்க பொண்ணே ஒரு வருஷம் எழுதிச்சு. வீட்டு விசாரணைய வேற ஆள் செய்யட்டும்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொந்த வீட்டுக்கே கம்மியா மார்க் போட்டாங்க. ஒரே ஒரு மார்க்குல போச்சு.”

“பொண்ணு?”

“அப்புறம் அம்மாகிட்ட பேசவே இல்லன்னு கேள்வி. சீருடைய முன்னாடியே தச்சு வச்சிருந்தாங்களாம். கண்ணாடிக்காரம்மா செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் உதவித்தொகை ஸ்கூல் பணம்தான். வீட்ட வித்து வந்தது மொத்தமும் இந்த நிதிக்குன்னு எழுதி வச்சுட்டாங்க.” உறைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: “படத்துல என்ன இருக்குன்னு நான் கேக்கல. கேக்கலாமா?”

“வேண்டாம்,” என்றாள்.

நான்காம் எண் வீட்டுக்கு மறுநாள் போனாள். தகப்பன் லிஃப்ட் மெக்கானிக். வலது கையில் இரண்டு விரல் போனபிறகு வேலை பாதியாகிவிட்டது. தாய் இல்லை. மகள் மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். அங்கேதான் எந்நேரமும் வெளிச்சம். பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் லிஃப்டின் உள்ளுறுப்புகளை வரைந்து வைத்திருந்தாள். கயிறு எங்கே தேயும், எத்தனை நாளில் தேயும் என்று கணக்குப் போட்டிருந்தாள். நுழைவுத் தேர்வில் முதலிடம் அவள்தான்.

“நான் எத்தனாவது?” என்றாள் சிறுமி.

“நாலாம் நம்பர். அது வரிசை இல்ல, வெறும் நம்பர்.”

“நம்பர்னாலே வரிசைதானே ஆன்ட்டி.”

“சும்மா இரு கழுத,” என்றார் தகப்பன். பிறகு அலுவலரிடம், “இவளுக்கு ஆகஸ்டுல பன்னெண்டு முடியுதும்மா. அடுத்த வருஷம் எழுத முடியாதுன்னாங்க. இந்த வருஷம் விட்டா விட்டதுதான்.”

அலுவலர் நான்கு சுவர்களையும் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஓர் ஆணி இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

அன்று மாலை நான்கு வீடுகளின் மதிப்பெண்களையும் கூட்டினாள். நான்காம் எண்ணுக்கு எண்பத்தெட்டு. சலவைக்கடை மாடியான இரண்டாம் எண்ணுக்கு எண்பது. எட்டு மதிப்பெண் வித்தியாசம் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தைய ஆண்டு ஆறு மதிப்பெண் முந்தியிருந்த வீடும் சீருடை இருந்த வீட்டிடம் தோற்றிருந்தது.

வியாழக்கிழமை சலவைக்கடை மாடிக்குத் திரும்பப் போனாள்.

“அந்தச் சீருடைய எடுத்துட்டுப் போகணும். தவறுதலா குடுத்துட்டாங்க.”

இஸ்திரிக்காரி சீருடையை ஆணியிலிருந்து எடுத்து, மடிப்பு கலையாமல் நான்காக மடித்து, செய்தித்தாளில் சுற்றினாள். தொழில் சுத்தம். கொடுக்கும்போது மட்டும் கையை விடவில்லை.

“அப்போ எங்களுக்கு இல்லையா மேடம்?”

“அப்படி இல்ல. இன்னும் முடிவாகல.”

“இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. அவ அதப் பாத்துக்கிட்டேதான் தூங்குறா.”

சிறுமி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் முகத்தை அலுவலர் பார்க்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

தெருவில் இறங்கியபோது வானம் உடைத்துக்கொண்டது. பையிலிருந்த குடையை விரித்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் அவள் போட்டிருந்த கண்ணாடி முழுக்க நீர். பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததில் அது மட்டும் நனையவில்லை.

நான்காம் எண் வீட்டில் தகப்பன் கதவைத் திறந்தார். பொட்டலத்தைப் பிரித்து அவளே கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள்.

“என்னம்மா இது, ரிசல்ட் வர்றதுக்குள்ளயே?” என்றார் அவர். “பாக்கெட்டு கிழிஞ்சிருக்கு. எப்படியும் அளவு பாக்கணுமே, இவ வயசுக்கு மீறி வளந்துட்டா.”

“அளவு சரியா இருக்கும்,” என்றாள் அலுவலர். “போட்டுப் பாக்க வேண்டாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்பது நினைவுக்கு வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். குடையிலிருந்து சொட்டிய நீர் தரையில் வட்டமாகத் தேங்கியிருந்தது. சிறுமி ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து, “காலத் தூக்குங்க ஆன்ட்டி,” என்று சொல்லி அதைத் துடைத்தாள்.

தேர்வுக்குழு மே இருபத்தாறில் கூடியது. ஐந்து பேர், அரை மணி நேரம். நான்காம் எண் தேர்வானது. அலுவலர் தொலைபேசியில் தகவல் சொன்னபோது மெக்கானிக் இரண்டு முறை நன்றி சொன்னார். கடைசியில் கேட்டார்: “அந்தப் பழைய சீருடைய நீங்க எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் புதுசு எப்ப தருவாங்கம்மா?”

“நான் எப்ப எடுத்தேன்?”

“நேத்துதானே வந்து வாங்கிட்டுப் போனீங்க. குடையக்கூட மறந்துட்டு, பாதிப் படியிலேருந்து திரும்பி வந்தீங்களே.”

முந்தைய நாள் முழுவதும் அவள் பல் மருத்துவரின் நாற்காலியில் இருந்தாள். ரசீது கைப்பையில் இருந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். தேதி சரியாக இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் அவள் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, இவ்வளவு நியாயமாக வீடு பார்க்கிறவர் வேறு யார் இருக்கிறார், ஒரு வருடம் பொறுங்கள் என்றார். அவள் பொறுத்தாள்.

மறு ஆண்டு மே பதினொன்று, காலை பத்து மணி. முதல் எண் வீடு, மரக்கடைக்குப் பின்னால். மூன்று நாளாக மழை இல்லை. கதவைத் திறந்த பெண் சிரித்தாள்.

“வாங்க மேடம். ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“நான் இப்பதான் முதல் தடவை வர்றேன்.”

“விளையாடாதீங்க. போன வாரம் வந்து நின்ன இடம் இன்னும் காயல, பாருங்க.”

வாசற்படியை ஒட்டிச் சிமெண்டில் வட்டமாக ஓர் ஈரம் இருந்தது. உள்ளே, படிக்கிற மேசைக்கு மேலே, சீருடை தொங்கியது. அலுவலர் ஒன்பதாம் கேள்விக்கான படத்தை எடுத்தாள். மீதிப் பதினொரு கேள்விகளையும் கேட்டாள். அந்த வீட்டுக்கு எழுபத்தொரு மதிப்பெண் போட்டாள். நான்கு வீடுகளில் அதுவே குறைவு. இந்த முறை அவள் சீருடையைத் தொடவில்லை.

மே இருபத்தைந்தாம் தேதி முதல் எண் தேர்வானது. சலவைக்கடை மாடிச் சிறுமி இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் போனாள்.