தற்காலிகப் பற்களின் வேலை

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு தவறு செய்தேன். அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கத்தால் எல்லாப் பற்களும் தேய்ந்து கட்டையாகிவிட்டன. வாய் முழுவதையும் சீரமைக்க வேண்டியதாயிற்று. இப்போது அவர் வாயில் இருப்பவை தற்காலிகப் பற்கள். இதே வடிவத்தில்தான் நிரந்தரமான பீங்கான் பற்கள் வரும். சிகிச்சை முடியும்வரை அவரைப் பொருள் பாதுகாப்பு அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மறுபடி மைக் முன்னால் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

காலையில் பல் டாக்டரம்மா, "பேச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நல்லாத்தான் பேசுகிறார் என்று நான் சொன்னேன். உடனே பீங்கான் பற்களுக்கான அச்சு எடுத்துவிட்டு, நாளைக் காலை அது பல் செய்யும் கூடத்துக்குப் போய்விடும் என்றார். எனக்குச் சந்தேகம் வராமல் போவது அபூர்வம். இன்று பார்த்து வரவில்லை.

தினமும் மாலையில் நான் ஒலிப்பதிவு வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் ஒருவர் குரலைப் பதிந்து வரச் சொல்லியிருந்தார்கள். மதியம் அப்பாவை உட்காரவைத்து, வழக்கமான அறிவிப்பைச் சொல்லச் சொல்லிப் பதிந்தேன். வகுப்பில் அதை ஓடவிட்டதும் பயிற்சியாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி, மைக்கை எங்கே வைத்தாய் என்றார். 'ஸ்' வரும் இடமெல்லாம் வழுக்குகிறதாம். மைக்கில் கோளாறு இல்லை. போன வருடம் விளையாட்டாகப் பதிந்த அப்பாவின் குரல் போனில் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். புதியதில் 'பஸ்' என்ற சொல் ஈரத் துணியைப் பிழிந்ததுபோல முடிந்தது. தினமும் கேட்டுக் கேட்டு எங்கள் காது பழகிப்போயிருக்கிறது. ஒலிப்பதிவு படிக்கிற காதும் சேர்த்துத்தான்.

வகுப்பை விட்டு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பல் போட்ட முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"அந்த டாக்டர் பொண்ணு எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கு. அதுகிட்டப் போய்க் குறை சொல்றதாம்மா?"

அம்மா சமையலறையிலிருந்தே கேட்டாள். "குழம்புல உப்பு கம்மின்னா எங்கிட்ட மட்டும் உடனே சொல்ல வருதே. நானும் பாத்துப் பாத்துத்தான் செய்யறேன்."

அப்பா சட்டையை மாட்டினார். கிளினிக்குக்குப் போன் செய்தேன். அச்சு இன்னும் அங்கேதான் இருந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பீங்கான் வந்து ஒட்டிய பிறகு வடிவத்தை மாற்றுவது பெரும்பாடு, குறையெல்லாம் இப்போதே தெரியத்தான் இந்தப் பற்களைப் போட்டுப் பழகச் சொன்னேன் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "மூணு மாசமா என் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. ஒரு நாள் பேசறதுக்குத் திறந்திருக்கலாமே ஐயா" என்றார். அப்பா வெட்கத்தில் எச்சில் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டார்.

மேல் முன்பற்களின் பின்புறம் தடிமனாக இருந்ததால் நாக்குக்கு இடம் போதவில்லையாம். கொஞ்சம் தேய்ப்பார், அப்பா ஒரு வரி சொல்வார், மறுபடி தேய்ப்பார். முதலில் அப்பா முணுமுணுத்தார். அப்படிச் சொன்னால் தெரியாது, வேலையில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா அதட்டினார். அப்பா நாற்காலியை நிமிர்த்தச் சொன்னார். தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சந்தை வழியாகச் செல்லும் கடைசி பஸ், இரண்டாவது நடைமேடையிலிருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்."

'ஸ்' கத்தரித்தாற்போல் விழுந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்த ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார். வரவேற்பு மேசைப் பெண் அவரை உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்க்கவேயில்லை, எழுந்து நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் எடுத்த அச்சைக் குப்பையில் போட்டார்கள். நிஜமான மைக்கில் பேசிப் பார்த்துவிட்டு வந்தால்தான் புது அச்சு என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வரும் வழியெல்லாம் அப்பா கடைப் பலகைகளை உரக்கப் படித்தார். பல்லைத் தேய்க்கச் சொன்னால் நாக்கைத் தீட்டி அனுப்பிவிட்டார்களா என்று அம்மா கேட்டாள். ஆனால் அந்தக் கடைசி பஸ்ஸை அவளுக்காக இன்னொரு முறை கிளப்பச் சொன்னதும் அவள்தான்.

இதே சிகிச்சைக்குத் தயாராகும் மாமா போன் செய்தார். முன்கூட்டியே என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். தற்காலிகப் பற்கள் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று முதலிலேயே கேளுங்கள், கடினமானதைக் கடிக்காதீர்கள், உறுத்தினாலும் வழுக்கினாலும் மறைக்காமல் குறை சொல்லுங்கள் என்றேன். குறை சொல்லச் சொல்லும் சிகிச்சை ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் முன்பே போயிருப்பேனே என்றார் மாமா.

நாளை காலை முதல் வண்டிக்கு முன் அப்பாவுடன் பேருந்து நிலையம் போக வேண்டும். மேலாளரிடம் கேட்டு அப்பா ஒரே ஒரு அறிவிப்பு செய்வார். நான் கடைசி நடைமேடையில் நின்று அதைப் பதிய வேண்டும்.