சாமி வண்டியும் ரேகா அண்ணியின் மூக்கும்

வண்டியை வாங்குவதற்கு முன்னால் எட்டுப் பேர் அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்கள். எட்டுப் பேரும் சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணும் தெரியலையே."

எப்படித் தெரியும்? மோந்து பார்த்த இடம் கடலூரை ஒட்டிய குடிகாடு. கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த சனத்துக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான்.

மற்றவர்களை விடுங்கள். வெண்மதிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அதற்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழைக்கூட அப்பா சுப்புராயன் லேமினேட் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஹாஸ்டலில் சேர்ந்த அன்று அவள் பெட்டியைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில்காரி, "என்னடி, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோதுதான் வெண்மதிக்கே அது உறைத்தது. ரெண்டு நாள் தலைவலி. மூணாம் நாள் சரியாய்ப் போனது. அதாவது மூக்கு செத்துப் போனது. படிப்பு முடிந்து ஊரோடு வந்து ரெண்டு வருஷம் ஆன பிறகு கேட்கவா வேண்டும்?

புரோக்கர் இளவரசுக்கு இதெல்லாம் அத்துப்படி. "நீங்க ஏன் மாமா வெயில்ல அலையிறீங்க? உங்க வாசலுக்கே வண்டியக் கொண்டாந்து நிறுத்துறேன்" என்றான். கம்பெனிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினான். டிரைவர் போக ஏழு சீட்டு வெள்ளை வேன். ஏசி உண்டு.

சுப்புராயன் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வண்டி ஓட்டுகிறவர். சாவியை ராத்திரியில் முதலாளி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருகிற ஆள். இந்தச் சாவியை அவர் இடுப்பிலேயே முடிந்துகொண்டார். குளிக்கப் போகும்போதுகூட அவிழ்க்கவில்லை.

வேலையும் தயாராக இருந்தது. சிதம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம். கடலூரிலிருந்து ஆறு டீச்சர்களைத் தினம் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வர வேண்டும். கரஸ்பாண்டென்ட் ராமாமிர்தமும் கடலூர்க்காரர், கூடவே வருவார். போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இதுவரைக்கும் மூணு வண்டிய நிறுத்திட்டேன்மா. ஏறினாலே டீச்சருங்களுக்குக் குமட்டுது. திங்கக்கிழமை பத்து மணிக்கு வண்டியக் கொண்டாங்க. உக்காந்து பாப்பேன். நாத்தம் அடிச்சா அப்படியே திரும்பிப் போயிடணும்."

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் சும்மா ஒரு ஓட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஊர்க்காற்று விட்டுப்போய் வெண்மதியின் மூக்கு மெல்லத் திறந்தது. திறந்ததும் அவள் கத்தினாள்.

"ப்பா, நிறுத்து! நிறுத்து!"

"என்னம்மா, டயரா?"

"டயரா? பொணம்ப்பா! உள்ள எதுவோ செத்துக் கெடக்குது!"

ரோட்டோரம் நிறுத்தி அக்குவேறு ஆணிவேறாகத் தேடினார்கள். ஒரு எலிவால்கூடக் கிடைக்கவில்லை. அவள் இளவரசுக்குப் போன் போட்டாள்.

"நாத்தமா? அந்த வண்டியிலயா?" அவன் குரலில் அப்படி ஒரு வருத்தம். "அது சாமி வண்டிம்மா! மழையா இருந்தாலும் புயலா இருந்தாலும் சனிக்கிழமையானா ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் பால் கேன் ஏத்திக்கிட்டுப் போன வண்டி. பக்தியில ஓடின வண்டி. உங்க ஊரு காத்து ஏறியிருக்கும், பாரு."

"எங்க ஊரு காத்தா? வாயேன், வந்து எங்க ஊருல நின்னு இதச் சொல்லேன்."

அவன் போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த நம்பர் எப்போதும் பிஸி.

சேதி தெருவில் பரவியது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சி மாமா வந்து வண்டிக்குள் தலையை விட்டார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தீர்ப்பு சொன்னார். "கருவாடு. முதுநகர் ஹார்பர்ல ஓடின வண்டி. சந்தேகமே இல்ல."

"மோந்து பாத்தா சொல்றீங்க?"

"மோந்து என்னா பாக்கறது? பழைய வண்டின்னா கருவாடுதான். நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே, எதையாவது ஊத்தி எடுத்துப்புடேன்."

இதுதான் வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வரும். மூணு வருஷம் படித்த படிப்பு ஊருக்கு என்னவென்றால் எதையாவது எதிலாவது ஊற்றுவது. இதில் கொடுமை, அவளும் ஊற்றினாள். புதன்கிழமை சோடா உப்பு, எலுமிச்சம்பழம். வியாழக்கிழமை நாலு கிண்ணத்தில் காபித்தூள். வெள்ளிக்கிழமை அப்பா தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினார். தெருவில் ரெண்டு பேர் வண்டி எரிகிறது என்று குடத்தோடு ஓடிவந்தார்கள்.

போய்விட்டதா இல்லையா என்று குடிகாட்டில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு தடவை ஆலப்பாக்கம் வரை ஓட்டிப்போக வேண்டியிருந்தது. அங்கே டீக்கடைக்காரர் மூணாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "ஏங்க, தெனம் வந்து நிறுத்துறீங்க, ரெண்டு பேரும் உள்ள தலைய வுடுறீங்க, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டுத் திரும்பிப் போறீங்க. என்னா வேண்டுதலா?"

சனிக்கிழமை கொளஞ்சி மாமா ஒரு முழுப் பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பிளந்து வண்டிக்குள் வைத்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. "பலா வாசத்துக்கு முன்னாடி எதுவும் நிக்காதுடி" என்றார். நின்றது. ஆலப்பாக்கத்தில் கதவைத் திறந்தபோது செத்துப்போன ஏதோ ஒன்று, பலாச்சுளை தின்று, காபி குடித்து, சாம்பிராணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. போனஸாக எறும்பு.

சுப்புராயன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். "நமக்கெல்லாம் ஆணியில மாட்டுற சாவிதான் போலருக்கு" என்றார்.

வெண்மதிக்குக் கண் கலங்கியது. கலங்கினால் அவளுக்குக் கோபம்தான் வரும். "எந்திரிப்பா" என்றாள். "நம்ம ரெண்டு மூக்கும் உருப்படாது. வேற மூக்கு வேணும். அண்ணிகிட்டப் போவோம்."

அண்ணன் செம்பியனின் பெண்டாட்டி ரேகாவுக்கு மூணு மாசம். மசக்கை. குடிகாட்டுக் காற்று ஒத்துக்கொள்ளாமல் சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். அடுத்த தெருவில் கடுகு தாளித்தால் ரேகாவுக்குக் குமட்டும். திருப்பூரிலிருந்து புருஷன் போனில் பேசினால்கூடக் குமட்டுகிறது என்று சொல்லி, அவன் ரெண்டு நாள் கோபித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வாசலில் நின்றதும், ரேகா வெளியே வராமல் ஜன்னலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "சாம்பிராணி. காபி. எலுமிச்சை. ஐயோ மாமா, பலாப்பழத்த எதுக்கு வச்சீங்க?"

"அதெல்லாம் நாங்க போட்டது அண்ணி. அடியில ஒண்ணு இருக்கு பாரு, கருவாடு, அது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

ரேகா கையில் ஒரு பாலிதீன் பையோடு இறங்கிவந்தாள். வேனுக்குள் முட்டிபோட்டு சீட்டு சீட்டாக நகர்ந்தாள். ரெண்டு தடவை பையைப் பயன்படுத்தினாள். கடைசி சீட்டுக்கு அடியில் விரலை வைத்தாள்.

"இங்கதான். ஆனா கருவாடு இல்ல. நான் கிள்ளைக் கடலோரத்துல பொறந்தவ, கருவாட்டு மேல பழி போடாதீங்க. இது பாலு. கெட்ட பாலு."

வெண்மதிக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமையானால் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பால் கேன்! அவன் பெருமையாகச் சொன்னானே, பாவி.

கடைசி சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைக் கிழித்தார்கள். அடியில் பஞ்சு ரெண்டு விரல் கனத்துக்கு உப்பி மஞ்சளாய் இருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தளும்பிய பால், வருஷக்கணக்கில் ஊறிப் பாலாடைக்கட்டியாய் இறுகிக் கிடந்தது. ரேகா வீட்டுக்குள் ஓடினாள். சுப்புராயன் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் பெருசா..." என்று ஆரம்பித்து, மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பஞ்சு, விரிப்பு எல்லாம் குப்பைக்குப் போனது. வெறும் தகரத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்து, வினிகர் ஊற்றித் தேய்த்து, கதவெல்லாம் திறந்து நாள் முழுக்க வெயிலில் போட்டார்கள். சாயங்காலம் ரேகா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கொய்யாப்பழம் முழுசாய்த் தின்றாள். அந்த மூணு மாசத்தில் அவள் வயிற்றில் தங்கிய முதல் பழம் அதுதான்.

திங்கள் காலை பத்து மணி. பள்ளிக்கூட வாசல். ராமாமிர்தம் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், காதுமடலில் பஞ்சு. பின்னால் அனுப்பிரியா என்று ஒரு டீச்சர், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

"வண்டிக்குள்ள பின்னாடி யாரும்மா அது?"

"எங்க அண்ணி சார். நாத்தம் இருக்கா இல்லையான்னு காட்டுற மீட்டர்."

"தரையில விரிப்பு இல்லையே?"

"பால் கொட்டி நாறுச்சு சார். பிச்சி எறிஞ்சுட்டோம்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறினார். கதவைச் சாத்தியாயிற்று, ஏசி ஓடியது. வண்டி தெருமுனைகூடத் திரும்பவில்லை. பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

"உவ்வே!"

சுப்புராயன் பிரேக்கை மிதித்தார். ரேகா இறங்கி ஓடினாள். ராமாமிர்தம் உதட்டைப் பிதுக்கினார். "பாத்தீங்களா? இதுவும் அதே கதைதான். சரி, நான் நடந்தே போயிக்கிறேன்."

அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனதை வெண்மதி பார்த்தாள்.

"சார், நில்லுங்க" என்றாள். "அஞ்சே நிமிஷம். எல்லாரும் இறங்குங்க."

கெமிஸ்ட்ரி லேபில் ஒரு உப்பைக் கொடுத்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இதுவா, இல்லை. அதுவா, இல்லை. ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வர வேண்டும். மூணு வருஷம் அதைத்தான் செய்தாள்.

"அண்ணி, நீ மட்டும் ஏறு."

ஏறினாள். ஒன்றுமில்லை.

"ப்பா, நீ ஏறு." ஒன்றுமில்லை. "டீச்சர், நீங்க." ஒன்றுமில்லை. டீச்சர் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டாள்.

"சார், இப்ப நீங்க ஏறுங்க."

அவர் ஒரு காலைத்தான் உள்ளே வைத்தார்.

"உவ்வே!"

வெண்மதிக்கு நாசூக்கு என்பது சிலபஸில் இல்லை. "சார், வண்டியில இப்ப ஒரே ஒரு நாத்தம்தான். அது உங்க காதுல இருக்கு."

சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டார். ராமாமிர்தம் காதிலிருந்து அத்தரில் தோய்த்த பஞ்சை எடுத்தார். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே..." என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அனுப்பிரியா, அந்த மூணு வண்டி?"

"எல்லாம் நல்ல வண்டி சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எத்தினி வருஷமா?"

"நான் சேந்தே ஒன்றரை வருஷம்தான் சார். சீனியருங்களைக் கேக்கணும்."

ராமாமிர்தம் பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரேகா ரெண்டு அடி தள்ளி நின்றாள். "நாளைலேர்ந்து ஏழே காலுக்கு வண்டி நிக்கணும்" என்று சுப்புராயனிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். வெண்மதியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆறு டீச்சர்களும் சிரித்த முகத்தோடு ஏறினார்கள். கரஸ்பாண்டென்ட் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். இருபது வருஷப் பழக்கம், அத்தரை விட முடியவில்லை போல. ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது ஸ்கூட்டரும் பக்கத்தில் வந்து நின்றது. ஆறு டீச்சர்களும் ஒரே நேரத்தில் கண்ணாடியை ஏற்றினார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சுப்புராயன். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இழுத்து ஒரு மூச்சு விட்டார்.

"ஒண்ணும் தெரியலையே."