படலைப் பற்றி மட்டும்

காட்டுமாடுகள் இறங்கி ஜோதிமணியின் பூண்டில் பாதியை மிதித்துப் போட்டிருந்தன. மீதிப் பாதி இன்னும் சில நாளில் பிடுங்க வேண்டியது. பள்ளத்துக் காடுகளுக்குப் போகிற ஒரே வழியில் மூங்கில் படல் முறிந்து கிடந்தது. கட்டுகிற கயிறோ சுருட்டியபடி தூணில் தொங்கியது. யாரும் கட்டவே இல்லை. ருசி கண்ட மாடு இன்றைக்கும் வரும்.

அந்த ஊர் வழக்கப்படி, பள்ளத்திலிருந்து கடைசியாக ஏறி வருகிறவர்தான் படலைச் சாத்திக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டவரே பொழுது சாய்வதற்குள் சரிசெய்தும் தர வேண்டும். நேற்றுக் கடைசியாக ஏறியவர் பக்கத்துக் காட்டுக்காரர் குழந்தைவேல்.

டீக்கடையில் ஊர்ப் பெரியவர் சேனாதிபதியை வைத்துக்கொண்டே ஜோதிமணி கேட்டாள்.

"படல ஏண்ணே சாத்தல?"

குழந்தைவேல் டீயை ஊதினார். "ஒட்டன்சத்திரத்துல பெறந்தவ, மலைக்காட்டப் பத்தி எனக்குப் பாடம் நடத்துறா."

"நான் எங்க பெறந்தா என்னண்ணே? படல ஏன் சாத்தல?"

"போன மழையில ஒம் புருசன் என் வாய்க்கால ஒடச்சானே, அப்ப எந்தப் பஞ்சாயத்து கூடுச்சு?"

"ஒடச்சது தப்புத்தான். அதத் தனியாப் பேசுவோம். படலு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தைவேலின் குரல் இறங்கியது. "முழங்கால் வலி தாயி. ராவெல்லாம் ஒறக்கமில்ல."

சேனாதிபதி உச்சுக் கொட்டினார். "பாவம்த்தா, விட்டுரு. அந்தப் படல மொதல்ல நட்டதே அவங்கப்பாருதான்."

ஜோதிமணிக்கும் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. குழந்தைவேலின் மகன் கொடைக்கானலில் குடித்துவிட்டு அடிவாங்கிய கதை. சொன்னால் கடையே இவள் பக்கம் திரும்பும். திரும்பி என்ன, படலையா கட்டப்போகிறது? விழுங்கிக்கொண்டாள்.

"காலுக்குத் தைலம் நான் தர்றேன். அப்பாரு நட்டதும் நெசந்தான். சண்டைக்கு வரலண்ணே. ஏன் சாத்தலன்னு மட்டும் சொல்லுங்க."

குழந்தைவேல் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீ கீழ நிக்கிறேன்னு நெனச்சேன்."

"நானா? மத்தியானமே ஏறிட்டேனே!"

"நீலச் சேல தெரிஞ்சுச்சு. கூப்புட்டுப் பாத்தேன், திரும்பல. வாய்க்கால் கோவம்போலன்னு நானும் வீம்பா வந்துட்டேன்."

ஜோதிமணி வாயைப் பொத்திக்கொண்டாள். மாடு மிரளட்டும் என்று நேற்றுத்தான் பழைய நீலச் சேலையைக் குச்சி நட்டுக் கட்டிவிட்டு வந்திருந்தாள். மாடு ஏமாறவில்லை. குழந்தைவேல்தான் ஏமாந்திருக்கிறார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"சேலையோட பேசிட்டு வந்தேன்னு எப்படித் தாயி சொல்றது?"

கடையே சிரிப்பில் குலுங்கியது.

"அப்பப் பாதித் தப்பு எம்மேல. மூங்கில் நீங்க வெட்டுங்க, நான் கட்டுறேன்."

"இருந்தாலும் ஒரு பொம்பள எதுத்து எதுத்து..." என்று சேனாதிபதி தொடங்கினார்.

"பெருசு, நீங்களும் வாங்க. ஒரு முனையப் பிடிக்க ஆள் வேணும்."

வெயில் இறங்குமுன் படல் நின்றுவிட்டது. மூவரும் வெளியே வந்து சாத்தினார்கள். ஜோதிமணி முடிச்சுப் போடும்போது குழந்தைவேல் பள்ளத்து நீலச் சேலையைப் பார்த்து நீட்டிக் குரல் கொடுத்தார்.

"ஏ தாயி! நாங்க கட்டிட்டோம். நீ அங்கனயே கெட!"